தானே கொட்டும் தொட்டி

சயாமுக்குப் போகாமல் இருக்க எங்கள் தோட்டத்தில் ஓர் ஆணுக்கு நான்கு வழிகள்தான் இருந்தன. நடக்க முடியாத நோயோ ஆறாத புண்ணோ இருக்க வேண்டும். அல்லது ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் அடுப்பு பார்ப்பவராகவோ ஆஸ்பத்திரி வேலையாளாகவோ இருக்க வேண்டும். அல்லது காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். நான்காவது, வேறு யாரும் செய்ய முன்வராத வேலையைச் செய்பவராக இருக்க வேண்டும். அந்த நான்காவது வழியில் ஒரே ஒருவர் இருந்தார். லயத்து, அதாவது கூலி ஆட்களின் வரிசை வீடுகளின், கக்கூஸைக் கழுவுகிறவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன்.

ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருஷம் அது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லோரி வந்துகொண்டிருந்தது. மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்றுதான் முதலில் சொன்னார்கள். முதல் லோரியில் போனவர்கள் மூன்று மாதத்தில் திரும்பவில்லை, ஆறு மாதத்திலும் திரும்பவில்லை. அதன் பிறகு யாரும் தானாக ஏறவில்லை. பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தக் களத்தில், பெயர் கூப்பிட்டு ஏற்றினார்கள்.

நான் அப்போது பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தேன். சண்டைக்கு முன்பு அலோர் ஸ்டாரில் இரண்டு வருஷம் தாதிப் பயிற்சியும் மருந்து கலக்கும் பயிற்சியும் எடுத்திருந்தேன். மூன்றாம் வருஷத்துப் பரீட்சை நடக்கவே இல்லை. குண்டு விழுந்த வாரம் அப்பா வந்து என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே வெள்ளைக்காரத் துரையும் இல்லை, மருந்து கொடுக்கும் டிரஸரும் இல்லை, இரண்டு பேரும் தெற்கே ஓடியிருந்தார்கள். எட்டுக் கட்டில் போட்ட தோட்டத்து ஆஸ்பத்திரி என் கைக்கு வந்தது. எனக்கு இருபது வயது. எல்லாரும் என்னை மிஸ்ஸி என்றார்கள்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. மருந்து தீரத் தீர, எது தீர்ந்தது, எதற்குப் பதில் எதை வைத்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். வேப்பிலை, சாம்பல், கொதிக்க வைத்த துணி. யாருக்கு என்ன நோய், எத்தனை நாள் என்பது இன்னொரு நோட்டில். மூன்றாவது ஒரு பட்டியல் பெரிய கிராணிக்காக, தோட்டத்து ஆபீஸின் தலைமைக் கணக்கருக்காக. துரை போன பிறகு தோட்டத்தை நடத்தியவர் அவர்தான். ஆஸ்பத்திரிக்கும் சுகாதாரத்துக்கும் கட்டாயம் தேவைப்படும் ஆட்கள் யார் யார் என்று மாதம் ஒருமுறை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் இருப்பவர்களை லோரிக்குக் கூப்பிட மாட்டார்கள். தாளில் எப்போதும் மூன்று வரிதான். தண்ணீர் காய்ச்சும் கிழவர், நோயாளிகளைத் தூக்கும் ஒருவர், கக்கூஸ் கழுவும் அண்ணன்.

கக்கூஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மற்றது புரியாது. லயங்களுக்குப் பின்னால் ஆண்களுக்கு ஒரு பக்கமும் பெண்களுக்கு ஒரு பக்கமுமாக நீளமான சிமெண்டு வாய்க்கால். மேலே குறுக்குச் சுவர் வைத்த இருக்கைகள். ஆண்கள் பக்கத்தில் சிறுநீருக்குத் தனியாக ஒரு சரிவு. வாய்க்காலின் மேட்டுப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, ஓர் இரும்புத் தொட்டி. அதில் குழாய்த் தண்ணீர் மெல்லச் சொட்டும். தொட்டிக்குள் நிற்கும் குழாயின் தலையில் ஒரு மணியைக் கவிழ்த்தது போல இரும்புக் கூடு இருக்கும். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறியதும், கூட்டுக்குள் அடைபட்ட காற்று தள்ளப்பட்டு, தொட்டித் தண்ணீர் முழுக்க ஒரே மூச்சில் இறங்கி வாய்க்காலை அடித்துக்கொண்டு போகும். பிறகு மறுபடி சொட்டத் தொடங்கும். சங்கிலி இழுக்க வேண்டாம், ஆள் வேண்டாம். துரை காலத்தில் பினாயில் ஊற்றுவதும் தேய்த்து விடுவதும்தான் அண்ணனுடைய வேலை.

பம்புக்கு எண்ணெய் நின்றதும் குழாய் நின்றது. பினாயிலும் சுண்ணாம்பும் அடுத்தடுத்துத் தீர்ந்தன. அண்ணன் ஆற்றிலிருந்து இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சுமந்தாலும் வாய்க்காலின் பாதி தூரம்தான் நகரும். தொட்டிக்குள்ளேயே ஊற்றிப் பார்த்தார். கூட்டில் எங்கோ துரு தின்றிருந்தது. தண்ணீர் மொத்தமாக இறங்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஈ மொய்த்தது. ஜனங்கள் கக்கூஸுக்குப் போவதை விட்டுவிட்டு ரப்பர் மரத்தடிக்கும் ஆற்றங்கரைக்கும் போனார்கள். அந்த மழைக் காலத்தில் வயிற்றுக்கடுப்பு வந்தது. இரண்டாவது நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் குழந்தைகளின் பெயர். எதிரே, எத்தனை நாள் என்று எழுதும் இடத்தில், மூன்று, நான்கு, இரண்டு. அதற்கு மேல் அவர்கள் இருக்கவில்லை.

அண்ணனுக்கும் ஒரு நோய் இருந்தது. இடது கணுக்காலுக்கு மேலே, வெளிப் பக்கத்தில், ஒரு புண். அழுக்குத் தண்ணீரில் நாள் முழுக்க நின்றால் அது எப்படி ஆறும்? நான் கட்டுப் போடுவேன். மறுநாள் கட்டு நனைந்து வரும்.

"கால நனைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, அண்ணே."

"பறந்துகிட்டே கழுவச் சொல்றீங்களா, மிஸ்ஸி?"

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பின்னால் நின்று சிரித்தாள். அவர்கள் வீடு கடைசி லயத்துக்கும் அப்பால் தனியாக இருந்தது. அவர்கள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் மற்றவர்கள் போகும்வரை மரத்தடியில் நிற்பார்கள்.

தொட்டியைச் சரிசெய்யலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு நோயாளியின் வயிற்றைக் கழுவியபோது. விஷக் கிழங்கைத் தின்றுவிட்டவருக்கு ரப்பர் குழாய் விட்டுத் தண்ணீர் ஊற்றி, குழாயின் மறுமுனையைத் தாழ்த்தினால் வயிற்றில் உள்ளது முழுக்கத் தானே இறங்கிவிடும். தொட்டியிலும் அதே வித்தைதான். காற்று புகுந்தால் இரண்டுமே நின்றுவிடும். அப்படியானால் கூட்டில் காற்று ஒழுகும் ஓட்டையை அடைத்தால் போதும்.

மறுநாள் ஏணி போட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டேன். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மிஸ்ஸி, நோயாளி பொழைக்குமா?"

"பொழைக்கும். கூட்டுல ரெண்டு ஓட்ட இருக்கு."

"தோட்டத்துக்கே வயித்தால போகுது. இதுக்கு மட்டும் மலச்சிக்கல்" என்றார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். மிஸ்ஸியிடம் பேசும் பேச்சா இது என்று அதட்டினாள். நான் தொட்டிக்குள் தலையை வைத்தபடியே சிரித்தேன். சிரிப்பு உள்ளே முழங்கியது.

கூட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டினோம். மரத்திலிருந்து இறக்கிய புது ரப்பர் பாலில் துணியை முக்கி, ஓட்டையின் மேல் ஒட்டி, காய்ந்ததும் மேலே இன்னொன்று ஒட்டி, புகைக் கொட்டகையில் மூன்று நாள் தொங்கவிட்டோம். ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமில்லை. வாங்கத்தான் ஆளில்லை. தண்ணீருக்கு அண்ணன் மூங்கிலைப் பிளந்து மலையடி ஓடையிலிருந்து வாய்க்கால் கட்டினார். நாற்றத்துக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புகைக் கொட்டகைச் சுவரில் படியும் கருப்புப் பிசினைச் சுரண்டி, சாம்பலை ஊற வைத்து வடித்த தண்ணீரில் கொதிக்க வைத்தால் பினாயில் மாதிரி ஒன்று வரும். நிறம் மோசம், வாடை அதைவிட மோசம், ஆனால் ஈ அண்டவில்லை. அதை ஒரு பால் டின்னில் ஊற்றி, ஒரு துணித் திரி போட்டு, தொட்டியின் வாயில் தொங்கவிட்டேன். திரி வழியாக அது சொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டி கொட்டும்போது அதுவும் சேர்ந்து வாய்க்கால் முழுக்கப் போகும்.

முதல் முறை தொட்டி கொட்டியபோது ஆண்கள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். லயத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் அங்கேயே கிடந்தார்கள், தொட்டி எப்போது கொட்டும் என்று பார்ப்பதற்கு. ஜனங்கள் மரத்தடியை விட்டு மறுபடி கக்கூஸுக்கு வந்தார்கள். நோட்டில் குழந்தைகளின் பெயர் குறைந்தது. ஒரு மாதத்தில் ஒரு பெயரும் இல்லாத பக்கம் ஒன்று வந்தது. அண்ணனுடைய காலும் காய்ந்தது. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் வளர்ந்து நடுவில் மூடிக்கொண்டது. அதையும் எழுதி வைத்தேன். அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒரு காலை சுங்கை பட்டாணியிலிருந்து ஜப்பான் அதிகாரி ஒருவர் காரில் வந்தார். பெரிய கிராணி அவரை முதலில் கக்கூஸுக்குத்தான் கூட்டி வந்தார். தோட்டத்தில் காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மூக்கைப் பொத்தத் தயாராக வந்தவர், கையை இறக்கினார். தொட்டிக்குக் கீழே நின்றார். அது கொட்டும்வரை அசையாமல் நின்றார். கொட்டியது. தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து மலாயில் கேட்டார், இதற்கு எத்தனை ஆள் என்று.

அண்ணன் பத்தடி தள்ளி, கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"தா பாயா ஓராங், துவான்" என்றேன். ஆள் தேவையில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "செண்டிரி ஜாலான்" என்றும் சேர்த்துக்கொண்டேன். தானே ஓடும்.

பரீட்சை எழுத முடியாமல் போனவள் நான். அன்று யாரோ என்னைக் கேள்வி கேட்கிறார்கள், எனக்கு விடை தெரிகிறது என்று மட்டும்தான் எனக்குப் பட்டது. வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. அதிகாரி கிராணியிடம் திரும்பி ஏதோ சொன்னார். கிராணி எழுதிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பாராட்டு வாங்கிவிட்டேன் என்று அவருக்குச் சந்தோஷம்.

அந்த மாதப் பட்டியலில் நான் வழக்கம்போல மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது மூன்றாவது வரியில் பென்சில் கோடு இருந்தது.

நான் கிராணியின் ஆபீஸுக்கு ஓடினேன். ஓடியதாகத்தான் ஞாபகம். அதற்கு முன்னும் பின்னும் நான் தோட்டத்தில் ஓடியதில்லை.

"தொட்டி இருக்கேம்மா" என்றார் அவர். முகத்தைப் பார்க்கவில்லை. "நீயேதான சொன்ன. ஜப்பான்காரன் என்கிட்ட இந்தத் தடவ பன்னெண்டு பேர் கேக்குறான். பதினொண்ணுதான் தேறுது. நான் என்ன பண்ண?"

"அவருக்குக் கால்ல புண்ணு, சார்."

"எங்க? நேத்து நான் பார்த்தேனே. ஆறிப்போச்சே. நல்லாத்தான் வைத்தியம் பண்ணியிருக்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானம் நான் செய்ததை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். ஏணியை எடுத்துப்போய், தொட்டிக்குள் கையை விட்டு, நான் ஒட்டிய ரப்பரை நகத்தால் பிய்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தது. கத்தரிக்கோலால் குத்திப் பிய்க்க வேண்டியிருந்தது. மூங்கில் வாய்க்காலையும் ஓரிடத்தில் தள்ளிவிட்டேன். பிறகு கிராணியிடம் திரும்பிப் போய், தொட்டி பழுதாகிவிட்டது, அவர் இல்லாமல் முடியாது, கடுப்பு மறுபடி வரும் என்றேன்.

என் ஈரமான கையைப் பார்த்தார். "அதுக்கென்ன, அவன் பொண்டாட்டி இருக்காளே" என்றார். "அவ கழுவட்டும்."

லோரி மறுநாள் காலையில் வந்தது. பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். அண்ணன் கடைசியில், மற்றவர்களிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றார். அங்கேயும் அப்படித்தான். ஏறும்போதும் மற்றவர்கள் உட்கார்ந்த பிறகுதான் ஏறினார். நான் அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேன். கிழித்த துணிக் கட்டு, கொஞ்சம் உப்பு, அந்தக் கருப்புப் பினாயில் ஒரு சிறு போத்தலில்.

"புண்ணு வந்தா உப்புத் தண்ணியில கழுவுங்க, அண்ணே. கால நனைக்காதீங்க."

"சரி, மிஸ்ஸி. தொட்டி நேத்து சாயங்காலத்துலேருந்து சரியா கொட்டல. ஓட்ட விழுந்திருச்சு போல. பாருங்க."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அக்கா அழவில்லை. லோரியின் பின்பலகையைப் பிடித்தபடி சடக்குவரை, பெரிய ரோடு தொடங்கும் இடம்வரை, நடந்து வந்தாள். அங்கே லோரி வேகம் எடுத்தது, கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போது அவள் காவடியைத் தோளில் வைத்து ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தேன். அவரைக் காப்பாற்ற நான் உடைத்த தொட்டி. அவரையும் காப்பாற்றவில்லை, இவளுடைய தோளிலும் ஏறிவிட்டது. ஐந்தாம் நாள் கூட்டைக் கழற்றி, மறுபடி துணியைப் பாலில் முக்கி ஒட்டினேன், மூங்கிலையும் பழைய இடத்தில் நிறுத்தினேன். ஏணியை இந்தத் தடவை அவள் பிடித்துக்கொண்டாள். ரப்பர் எப்படிக் கிழிந்தது என்று அவள் கேட்கவில்லை. எலி கடித்திருக்கும் என்று நானாகவே சொன்னேன்.

அதன் பிறகு சண்டை முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறை அவள் வீட்டுக்குப் போவேன். பிசினும் சாம்பல் தண்ணீரும் கொதிக்க வைப்பது அவள் வீட்டு அடுப்பில்தான். அந்த வாடையை வேறு எந்த வீட்டிலும் விட மாட்டார்கள். கொதிக்கும்வரை பேசிக்கொண்டிருப்போம். அவர் எப்படி மூங்கில் பிளப்பார், என்ன கேலி பேசுவார், எதைச் சாப்பிட மாட்டார். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா என்னைப் பின்வாசலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்வாள். குளித்துவிட்டு வருவேன்.

ஜப்பான்காரர்கள் போன பிறகு, பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் என் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றில்தான் படுத்தார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். பேச முடிந்தபோது சொன்னார். அங்கே காலரா வந்ததாம். கக்கூஸ் குழி வெட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது அண்ணன் தானே முன்னால் போனாராம். எனக்குத் தெரிந்த வேலை என்றாராம். முகாமுக்கு மேலே ஓடையிலிருந்து மூங்கில் வாய்க்கால் கட்டி, குழி நாறாமல் தண்ணீர் விடப் பார்த்தாராம். "ஒரு ரப்பர் துண்டு மட்டும் கெடச்சா போதும்னு எல்லாருகிட்டயும் கேட்டுகிட்டே திரிஞ்சாரு, மிஸ்ஸி. அங்க எங்க ரப்பர்? பத்து நாளு கழிச்சு அவருக்கும் வந்துருச்சு. ஒரு ராத்திரிதான்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை வழியில் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். முதலில் அதிகாரி கேட்டது, பிறகு நான் சொன்னது, பிறகு ரப்பரைப் பிய்த்தது. வரிசை நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு ஜப்பான்காரன் கேட்டப்ப, ஆள் தேவையில்லன்னு சொன்னது நான்தான்."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும்."

"யாரு சொன்னா?"

"கிராணி. லோரி போன அன்னைக்கே. என் மேல கோவிச்சுக்காத, மிஸ்ஸி வாயால வந்ததுன்னாரு."

இரண்டு வருஷம். வாரா வாரம். நான் கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

"அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல, அக்கா?"

"கேட்டா நீங்க வராம போயிருவீங்க" என்றாள். "அவரப் பத்திப் பேசறதுக்கு இந்தத் தோட்டத்துல எனக்கு வேற யாரு இருக்கா?"

உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். வேறு ஏதோ சாதாரண விஷயம் கேட்பது போலக் கேட்டாள்: "அவரு வகிடு எடுக்கறது எந்தப் பக்கம், மிஸ்ஸி? நேத்துலேருந்து யோசிச்சுப் பாக்குறேன். வரமாட்டேங்குது."

நான் யோசித்தேன். என்னால் அவருடைய புண்ணைச் சொல்ல முடியும், இடது கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, ஓரம் எப்படி இருந்தது, எந்த வாரம் எவ்வளவு சுருங்கியது என்று. ஏணிக்குக் கீழே அண்ணாந்து பார்த்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். தலையில் எப்போதும் துண்டு கட்டியிருப்பார். வலப்பக்கம் என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது.

"தெரியல, அக்கா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அடுத்த கிழங்கை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.